பழைய காரில் பிரேக் பெடல் இறங்கினால்: ஏர் எடுப்பதா, கிட் போடுவதா, மாஸ்டர் சிலிண்டரையே மாற்றுவதா?

பழைய கார் வைத்திருப்பவர்கள் பிரேக் விஷயத்தில் முடிவெடுக்க முடியாமல் நிற்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். பெடல் வழக்கமாக நிற்கும் உயரத்தில் நிற்காமல் கீழே போகிறது. ஒரு மெக்கானிக் ஏர் எடுத்தால், அதாவது பிரேக் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றினால் போதும் என்கிறார். இன்னொருவர், பெடலின் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டருக்குக் கிட் போட வேண்டும், அதாவது அதன் உள்ளிருக்கும் ரப்பர்களை மாற்ற வேண்டும் என்கிறார். மூன்றாமவர் அசெம்பிளியையே, அதாவது மாஸ்டர் சிலிண்டரை முழுதாகவே மாற்றினால்தான் வண்டியில் கை வைப்பேன் என்கிறார். இவர்களில் யாரும் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டியதில்லை. மூன்றுமே சரியான தீர்வுகள்தான்; ஆனால் அவை வெவ்வேறு கோளாறுகளுக்கானவை. கோளாறு எங்கே என்று பார்க்காமல் தீர்வைத் தேர்ந்தெடுப்பதால்தான், புதிய மாஸ்டர் சிலிண்டர் போட்ட பிறகும் பெடல் பழையபடியே இருக்கும் வண்டிகளும், திரும்பத் திரும்ப ஏர் எடுத்தும் தேறாத வண்டிகளும் பட்டறைகளில் நிற்கின்றன.

முன்சக்கரங்களில் டிஸ்க், பின்சக்கரங்களில் டிரம், பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில் மிதிக்கு வலுக்கூட்டும் வேக்குவம் பூஸ்டர் என்ற அமைப்புள்ள பழைய காரை மனதில் வைத்து இது எழுதப்படுகிறது. நான்கு சக்கரங்களிலும் டிரம் உள்ள இன்னும் பழைய வண்டிகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும். அத்தகைய வண்டிகளில் பலவற்றில் பிரேக் ஆயில் ஒரே சர்க்யூட்டில், அதாவது நான்கு சக்கரங்களுக்கும் பொதுவான ஒரே பாதையில்தான் ஓடுகிறது. இரட்டைச் சர்க்யூட் அமெரிக்காவில் கட்டாயமானதே 1968இல்தான். ஒற்றைச் சர்க்யூட் வண்டியில் ஒரு வீல் சிலிண்டர் (சக்கரத்தில் பிரேக் ஷூக்களைத் தள்ளும் சிறு சிலிண்டர்) ஒழுகினாலும் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும் என்பதால், அந்த வண்டிகளின் உரிமையாளர்கள் கீழே சொல்லப்படும் சந்தேகங்களில் எதையும் தள்ளிப்போடக் கூடாது.

## எவற்றை வைத்து முடிவெடுப்பது

முதல் அளவுகோல், கோளாறு மாஸ்டர் சிலிண்டருக்கு உள்ளே இருக்கிறதா, அதற்குக் கீழே பைப், ஹோஸ், சக்கரங்கள் பக்கம் இருக்கிறதா, மேலே பூஸ்டரில் இருக்கிறதா என்பது. இதற்கு விடை தெரியாதவரை மற்ற எந்த ஒப்பீட்டுக்கும் பொருளில்லை.

இரண்டாவது, மாஸ்டர் சிலிண்டரின் உட்சுவர் எந்த நிலையில் இருக்கிறது என்பது. கிட் போட்டால் நிற்குமா, நிற்காதா என்பதைத் தீர்மானிப்பது ரப்பரின் தரத்தைவிட, அந்த ரப்பர் உரசி ஓடும் சுவரின் வழவழப்புத்தான். மூன்றாவது, அந்த மாடலுக்கு நம்பகமான புதிய பாகம் இப்போதும் கிடைக்கிறதா என்பது. நான்காவது, மற்ற பாகங்களின் வயது. அழுத்தம் குறைவாக இருந்த அமைப்பில் புதிய மாஸ்டர் சிலிண்டரைப் போட்டு முழு அழுத்தத்தையும் திருப்பிக் கொடுத்தால், இதுவரை தாக்குப்பிடித்த பழைய ஹோஸும் பழைய வீல் சிலிண்டரும் அடுத்ததாக ஒழுகத் தொடங்குவது வழக்கம். ஐந்தாவது, வண்டியின் பயன்பாடு. தினமும் குடும்பத்தோடு ஓடும் வண்டிக்கும், எப்போதாவது வெளியே எடுக்கப்படும் வண்டிக்கும் ஒரே முடிவு பொருந்தாது. நீண்ட நாள் ஓடாமல் நிற்கும் வண்டியில்தான் சிலிண்டர் சுவர் அதிகமாகத் துருப்பிடிக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பாகத்தின் விலையை இந்தப் பட்டியலில் நான் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. பிரேக் வேலையில் பாகத்தின் விலை தெரிந்த செலவு. முடிவைப் புரட்டிப் போடுபவை தெரியாத செலவுகள்தான். அவற்றை ஒவ்வொரு வழியின் கீழும் தனியாகச் சொல்கிறேன்.

## பெடலின் நடத்தையிலிருந்து கோளாறைக் கண்டுபிடிப்பது

பெடலை மிதிக்கும்போது ஒரு தண்டு மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வாஷர், மேலே ஆயில் டப்பாவிலிருந்து ஆயில் வரும் மிகச்சிறிய துளையைக் கடந்ததும், முன்னால் இருக்கும் ஆயில் அடைபட்டு அழுத்தம் ஏறுகிறது. காற்று சுருங்கும், ஆயில் ஏறக்குறைய சுருங்காது. பெடல் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடும்.

பெடல் கல்போல நிற்காமல் மெத்தென்று அமுங்கினால், லைனில் காற்று இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். பழைய ரப்பர் ஹோஸ்கள் அழுத்தத்தில் புடைத்தாலும் இதே உணர்வு வரும். ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டு ஹோஸின்மேல் விரல்களை வைத்துப் பார்த்தால் அது வீங்குவது தெரியும்.

முதல் மிதியில் கீழே போய், இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்ததும் மேலேறி நின்றால், இரண்டு காரணங்களை முதலில் பார்க்க வேண்டும். ஒன்று காற்று. மற்றொன்று, பின்சக்கர பிரேக் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையிலான இடைவெளி கூடிப்போயிருப்பது. இதைப் பிரித்தறிய எளிய சோதனை உண்டு: ஹேண்ட் பிரேக்கைச் சில பற்கள் இழுத்துவிட்டுப் பெடலை மிதித்துப் பாருங்கள். ஹேண்ட் பிரேக் ஷூவை டிரம்மின் அருகே கொண்டுபோய்விடுவதால், இடைவெளிதான் காரணமென்றால் பெடல் உடனே உயர்ந்து நிற்கும். அப்படி நின்றால் அட்ஜஸ்டரைத் திருகினாலே வேலை முடிந்தது. மாஸ்டர் சிலிண்டரைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் உள்ள வண்டிகளில்கூட, அந்த நட்சத்திரச் சக்கரம் துருவில் இறுகிப்போய்ப் பல ஆண்டுகளாகச் சுற்றாமல் இருப்பது சாதாரணம்.

இதற்கு ஒரு நெருங்கிய உறவு, முன்சக்கர பேரிங் ஆட்டம். பேரிங் லூசாக இருந்தால், திருப்பங்களில் டிஸ்க் சாய்ந்து பேடுகளை, அவற்றை டிஸ்க்கின்மேல் அழுத்தும் காலிப்பருக்குள் தள்ளிவிடும்; அடுத்த மிதியில் பெடல் நீளமாகப் போகும், அதற்கடுத்த மிதியில் சரியாக நிற்கும். நேர்ச்சாலையில் நன்றாக இருந்து, வளைவுகளுக்குப் பிறகு மட்டும் இப்படி நடந்தால் சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பாருங்கள்.

நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்த பிறகு மட்டும் பெடல் தொய்ந்து, ஆறிய பின் தானே சரியானால், பழைய ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது என்று பொருள்.

இனி, முடிவை அதிகம் பாதிக்கும் அறிகுறி: பெடல் முதலில் சரியாக நின்று, காலை எடுக்காமல் வைத்திருந்தால் நிதானமாகத் தரையை நோக்கி இறங்குவது. ஆயில் வெளியே ஒழுகினாலும் இறங்கும், மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் வாஷரைத் தாண்டி ஆயில் பின்னுக்கு நழுவினாலும் இறங்கும். டப்பாவில் ஆயில் மட்டம் குறையாமல் பெடல் மட்டும் இறங்கினால் இரண்டாவதுதான். இங்கே பலர் சோதிக்கும் முறையிலேயே கோட்டைவிடுகிறார்கள். முழுப் பலத்தோடு மிதித்துப் பார்த்து, பெடல் நிற்கிறது, மாஸ்டர் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டுகிறார்கள். அழுத்தம் கூடும்போது வாஷரின் உதடு விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்வதால், தேய்ந்த வாஷரும் பலமான மிதியில் தாக்குப்பிடித்துவிடும். சிக்னலில் நிற்கும்போது வைப்பதுபோல மென்மையாகக் காலை வைத்து, அதே அழுத்தத்தில் அரை நிமிடம் வைத்திருந்தால்தான் கசிவு தெரியும்.

பெடல் இறங்காமல், மாறாகக் கட்டையாகி, எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்கத் தயங்கினால் சந்தேகம் பூஸ்டர் பக்கம் போக வேண்டும். இன்ஜினை நிறுத்திவிட்டுப் பெடலைப் பல முறை மிதித்து, உள்ளே மிச்சமுள்ள வேக்குவத்தைத் தீர்த்துவிடுங்கள். பிறகு பெடலின்மேல் காலை வைத்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பூஸ்டர் வேலை செய்தால் பெடல் சற்றே கீழிறங்கும். இறங்காவிட்டால் வேக்குவம் ஹோஸ், அதிலுள்ள ஒருவழி வால்வு, பூஸ்டர் டயாஃப்ரம் ஆகியவற்றை இந்த வரிசையில் பார்க்க வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் பெடல் சற்று இறங்குவது இயல்பு என்பது தெரியாமல், நல்ல மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றியவர்களும் உண்டு.

மாஸ்டரையும் பூஸ்டரையும் சேர்த்துக் காட்டிக்கொடுக்கும் ஓர் அறிகுறியும் இருக்கிறது. ஆயில் மட்டம் குறைந்துகொண்டே வருகிறது, ஆனால் சக்கரங்களிலோ பைப்புகளிலோ ஈரமே இல்லை. சில வண்டிகளில் சைலன்சரில் வெண்புகையும் வருகிறது. மாஸ்டரின் பின்பக்க சீல் போய், ஆயில் பூஸ்டருக்குள் இறங்கி, வேக்குவம் வழியாக இன்ஜினுக்குள் இழுக்கப்படும்போது இப்படித்தான் இருக்கும். இரண்டு நட்டுகளைக் கழற்றி மாஸ்டரைச் சற்று முன்னால் இழுத்து, அதன் பின்முகத்தை விரலால் தடவிப் பார்த்தால் ஈரம் கையில் ஒட்டும்.

இவ்வளவுக்கும் பிறகு சந்தேகம் மிச்சமிருந்தால், தீர்ப்புச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. மாஸ்டரிலிருந்து பைப்புகளைக் கழற்றி, அந்தத் துளைகளைச் சரியான அளவுத் திருகு மூடிகளால் அடைத்து, மாஸ்டருக்குள் காற்று இல்லாமல் செய்துவிட்டுப் பெடலை மிதிக்க வேண்டும். பெடல் உயரத்திலேயே அசையாமல் நின்றால் மாஸ்டர் நல்லது, கோளாறு கீழே இருக்கிறது. அப்போதும் இறங்கினால் மாஸ்டர்தான் குற்றவாளி. கோளாறு கீழேதான் என்றால், ஹோஸ்களை ஒவ்வொன்றாக அதற்கென்று உள்ள வழவழப்பான கிளாம்பால் நெரித்துப் பார்த்து, எந்த ஹோஸை நெரிக்கும்போது பெடல் உயர்கிறதோ அந்தச் சக்கரத்தைத் தேடிப் போகலாம். பல் உள்ள பிளையரால் நெரிக்கக் கூடாது. நெரித்தால் விரிசல் விட்டுவிடுமோ என்று பயப்படும் அளவுக்குப் பழையதான ஹோஸ், சோதிக்காமலேயே மாற்றப்பட வேண்டிய ஹோஸ்.

## வழி 1: ஆயிலை மாற்றி ஏர் எடுப்பது

பெடல் மெத்தென்று இருந்து, இறங்காமல் இருந்தால் இதுவே சரியான தொடக்கம். அண்மையில் ஹோஸோ காலிப்பரோ கழற்றப்பட்டிருந்தால் வேறு யோசனையே தேவையில்லை. கிளைக்கால் வகை பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தர வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், 3.7 சதவீதம் நீர் கலந்த நிலையில் அந்த வரம்பு 155 டிகிரிதான். டாட் 3 ஆயிலுக்கு இதே எண்கள் 205, 140. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். அந்த ஈரம்தான் சிலிண்டர் சுவரை உள்ளிருந்தே அரிக்கிறது என்பதால், ஆயில் மாற்றுவது பெடலுக்கான சிகிச்சை மட்டுமல்ல. மாஸ்டரின் ஆயுளும் அதில்தான் இருக்கிறது.

பழைய வண்டியில் இதன் மறைமுகச் செலவு பெரியது. மாஸ்டரின் பிஸ்டன் அன்றாட ஓட்டத்தில் சிலிண்டரின் ஒரு பகுதிக்குள் மட்டுமே போய்வருகிறது. அதற்கு அப்பாலுள்ள பகுதியில் பல ஆண்டுகளின் துருவும் கசடும் படிந்திருக்கும். ஏர் எடுக்கும்போது உதவியாளர் பெடலைத் தரைவரை மிதித்தால், ரப்பர் வாஷர் அந்தச் சொரசொரப்பான பகுதிக்குள் போய்க் கிழிந்து திரும்புகிறது. நேற்றுவரை நன்றாக இருந்த மாஸ்டர், ஏர் எடுத்த மறுநாளே இறங்கத் தொடங்குவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து அது தரையைத் தொடாமல் தடுப்பது, அல்லது சக்கரத்தில் காற்றை வெளியேற்றுவதற்கென உள்ள சிறு திருகான நிப்பிளைத் திறந்துவிட்டு ஆயில் தானாக இறங்கும் வகையில் விடுவது, அல்லது டப்பா பக்கமிருந்து மெல்லிய அழுத்தம் கொடுத்து எடுப்பது ஆகிய மூன்றும் பாதுகாப்பானவை.

அடுத்த செலவு நிப்பிள். துருப்பிடித்த நிப்பிளைச் சாதாரண ஸ்பேனரால் திருகினால் தலை உருண்டுவிடும் அல்லது உடைந்தே போகும். பிறகு ஏர் எடுக்க வந்தவர் வீல் சிலிண்டரை மாற்ற வேண்டியதாகிவிடும். முந்தைய நாளே துரு நீக்கும் திரவம் தெளித்து, ஆறு முனை சாக்கெட்டால் மெதுவாக முன்னும் பின்னும் அசைத்து எடுப்பது நல்லது.

நிப்பிளில் மாட்டிய, உள்ளே தெரியும் டியூப் வழியாக வருவதைக் கவனித்துப் பாருங்கள். முதலில் அடர்பழுப்பு ஆயில் வரும், பிறகு குமிழிகள், பிறகு தெளிந்த ஆயில். இதற்கிடையில் கறுப்புத் துகள்கள் மிதந்து வந்தால், எங்கோ ரப்பர் உதிர்ந்துகொண்டிருக்கிறது. அந்த வண்டி இந்த வழியோடு நிற்கப்போவதில்லை. அதேபோல, ஏர் எடுத்துச் சரியான பெடல் சில நாட்களில் மறுபடியும் மெத்தென்று ஆகிவிட்டால், இன்னொரு முறை எடுப்பதில் பயனில்லை. மூடிய அமைப்பில் காற்று தானாக உண்டாவதில்லை. அது நுழையும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

நிதானமாக இறங்கும் பெடலுக்கு ஏர் எடுப்பது தீர்வே அல்ல.

## வழி 2: மாஸ்டர் சிலிண்டருக்குக் கிட் போடுவது

கோளாறு மாஸ்டருக்குள் என்று உறுதியான பிறகுதான் இந்த வழியை யோசிக்க வேண்டும். பிஸ்டன்களை வெளியே எடுத்து, சிலிண்டரைத் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் உட்சுவரைப் பார்க்க வேண்டும். கண்ணுக்கு எட்டாத ஆழத்தில் மெல்லிய குச்சியின் முனையால் தடவலாம். நகமோ குச்சியோ எங்காவது மாட்டினால் அது குழி. அதன்மேல் எந்த ரப்பரும் நெடுநாள் நிற்காது. வெறும் கறையாக இருந்து வழுக்கிச் சென்றால் கிட் போடலாம்.

வார்ப்பிரும்புச் சிலிண்டராக இருந்தால் லேசான கீறல்களை ஹோனிங் செய்து, அதாவது சுவரைச் சன்னமாகத் தேய்த்து வழவழப்பாக்கி நீக்க முடியும், அதுவும் அளவு கூடிப்போகாத வரைதான். அலுமினியச் சிலிண்டரை ஹோனிங் செய்யக் கூடாது. அதன் சுவரின்மேல் உள்ள கடினப் பூச்சு போய்விட்டால், உள்ளிருக்கும் மென்மையான உலோகம் வேகமாகத் தேய்ந்து, போட்ட கிட்டையும் சேர்த்துத் தின்றுவிடும்.

கிட் வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் கழுவும் திரவம்தான். பிரித்த பாகங்களை பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பிரேக் ரப்பர் இந்த எண்ணெய்களைத் தாங்காது. உப்பி, வடிவம் இழந்து, அந்தச் சிறிய துளையை மூடிக்கொள்ளும். துளை அடைபட்டால் ஆயில் டப்பாவுக்குத் திரும்பாமல் பிரேக் பிடித்தபடியே நிற்கும். புதிய பிரேக் ஆயிலாலோ அதற்கான கிளீனராலோ மட்டுமே கழுவி, பூட்டும்போது ரப்பரைப் புதிய பிரேக் ஆயிலில் நனைக்க வேண்டும். பல ஆண்டுகள் கடை அலமாரியில் கிடந்த கிட்டும் புதியதாகிவிடாது. வாஷரின் உதட்டை விரலால் மடக்கிப் பார்த்தால் மெல்லிய விரிசல்கள் தெரிந்துவிடும்.

இந்த வழி சிறப்பது எப்போது என்றால், சுவர் சுத்தமாக இருக்கும்போது, அந்த மாடலுக்குப் புதிய அசெம்பிளி கிடைக்காதபோது, அல்லது கிடைப்பது தரம் தெரியாத நகலாக இருக்கும்போது. நல்ல சுவருள்ள அசல் வார்ப்பு, மோசமான புதிய நகலைவிட நம்பகமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இதன் பெரிய மறைமுகச் செலவு இரட்டை வேலை: கிட் நிற்காவிட்டால் கழற்றுதல், பூட்டுதல், ஏர் எடுத்தல் எல்லாவற்றுக்கும் மறுபடியும் கூலி.

## வழி 3: புதிய மாஸ்டர் சிலிண்டர்

தினமும் ஓடும் வண்டியில் பெடல் இறங்கி, சுவரிலும் குழிகள் இருந்தால் பேச்சே இல்லை, இதுதான் வழி. ஆனால் புதியது என்ற சொல்லை நம்பி மட்டும் வாங்கக் கூடாது.

முதலில் உள்விட்ட அளவு. ஒரே மாடலில் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு அளவுகள் வந்திருக்கலாம். வெளித்தோற்றம் ஒன்றாகவே இருக்கும். முக்கால் அங்குலத்துக்கும் ஓர் அங்குலத்துக்கும் இடைப்பட்ட அளவுகளே இங்கு பழக்கம். 22.2 மில்லிமீட்டர் சிலிண்டருக்குப் பதிலாக 25.4 மில்லிமீட்டர் சிலிண்டரைப் போட்டால் பிஸ்டனின் பரப்பு சுமார் 30 சதவீதம் கூடும். பெடல் உயரமாகவும் உறுதியாகவும் நிற்கும், பழுது தீர்ந்ததுபோலத் தோன்றும். ஆனால் அதே பலத்தில் மிதித்தால் சக்கரங்களுக்குப் போகும் அழுத்தம் ஏறக்குறைய கால்வாசி குறைந்திருக்கும். உயர்ந்து நிற்கும் பெடல் எல்லாம் நல்ல பிரேக் அல்ல.

இரண்டாவது, பூஸ்டருக்கும் மாஸ்டருக்கும் இடையிலான தண்டின் நீளம். அது சற்று நீளமாக இருந்தால் பிஸ்டன் முழுவதும் பின்வாங்காமல் அந்தச் சிறிய துளை மூடியே இருக்கும். வண்டி ஓட ஓடப் பிரேக் தானாக இறுகி, சக்கரங்கள் சூடேறும். குட்டையாக இருந்தால் பெடலின் தொடக்க ஓட்டம் வீணாகும். பழைய மாஸ்டரில் அளந்த இடைவெளியையே புதியதிலும் வைக்க வேண்டும்.

நான்கு சக்கரங்களிலும் டிரம் உள்ள பழைய வண்டிகள் பலவற்றில், லைனில் சிறிது அழுத்தத்தை எப்போதும் பிடித்துவைக்கும் வால்வு மாஸ்டருக்குள்ளேயே இருக்கும். அது இல்லாத மாஸ்டரைப் போட்டால் பெடல் கீழாகவே இருக்கும். அது உள்ள மாஸ்டரை டிஸ்க் பக்கம் இணைத்தால் பேடுகள் உரசிக்கொண்டே இருக்கும்.

கழற்றும்போது வரும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பைப் நட்டும் பைப்பும் துருவில் ஒட்டியிருந்தால், நட்டைத் திருகும்போது பைப்பும் சேர்ந்து முறுக்கிக்கொண்டு உடையும். பைப் நட்டுக்கென்று உள்ள திறந்தவாய் ரிங் ஸ்பேனர் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது. புதிய மாஸ்டரை வண்டியில் பூட்டும் முன் வைஸில் பிடித்து, வெளிவாய்களிலிருந்து டியூப்களை டப்பாவுக்கே திருப்பி, குமிழி நிற்கும்வரை பிஸ்டனை மெதுவாகத் தள்ளிக் காற்றை எடுத்துவிட வேண்டும். இதைத் தவிர்த்தால், பின்னர் சக்கரங்களில் எவ்வளவு ஏர் எடுத்தாலும் மாஸ்டருக்குள் ஒரு குமிழி ஒளிந்துகொண்டே இருக்கும்.

பின்பக்க சீல் போய் பூஸ்டருக்குள் ஆயில் இறங்கியிருந்தால், பூஸ்டரையும் சோதித்துவிடுங்கள். ஊறிய டயாஃப்ரம் சில மாதங்களில் தன் வேலையைக் காட்டும்.

## வழி 4: பழைய சிலிண்டருக்கு ஸ்லீவ் போடுவது

புதிய பாகம் எங்கும் கிடைக்காத, சுவரும் குழிவிழுந்த அரிய வண்டிகளுக்கான வழி இது. சிலிண்டரைப் பெரிதாகக் கடைந்து, துருப்பிடிக்காத எஃகிலோ பித்தளையிலோ ஒரு குழாயை உள்ளே இறக்கி, பழைய அளவுக்கே கொண்டுவருகிறார்கள். நன்றாகச் செய்யப்பட்டால் புதிதைவிட நீடிக்கும், ஏனெனில் சுவர் இனித் துருப்பிடிக்காது. அந்தச் சிறிய துளையை ஸ்லீவிலும் சரியான இடத்தில் போட்டு, அதன் விளிம்பில் பிசிறு இல்லாமல் செய்பவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். பிசிறு இருந்தால் ரப்பரை முதல் நாளே அறுத்துவிடும். வண்டி பல நாட்கள் நிற்க வேண்டும் என்பதுதான் இதன் விலை.

## வழி 5: ஹைட்ராலிக் பாகங்கள் அனைத்தையும் ஒருசேர மாற்றுவது

மாஸ்டர், வீல் சிலிண்டர்கள், ஹோஸ்கள், காலிப்பர் சீல்கள் என எல்லாவற்றையும் ஒரே முறையில் மாற்றுவது தேவையற்ற ஆடம்பரம்போலத் தோன்றும். ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியை மறுபடி ஓட்டப்போகிறவருக்கு அது ஆடம்பரமல்ல. வீல் சிலிண்டரின் தூசிமூடியைச் சற்றே விலக்கிப் பார்க்கையில் ஒன்றில் ஈரம் இருந்தால், அதே வயதுள்ள மற்றவையும் வெகுதொலைவில் இல்லை.

தவறான ஆயில் ஊற்றப்பட்ட வண்டிக்கு இது தேர்வே அல்ல, கட்டாயம். இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ சிறிதளவு கலந்தாலும் ரப்பர் பாகங்கள் எல்லாம் உப்பிவிடும். டப்பா மூடியின் ரப்பர் கேஸ்கெட் வழக்கத்தைவிடப் பெரிதாகி, திரும்பத் தன் இடத்தில் உட்காராமல் நெளிந்தால் அதுவே சாட்சி. மாஸ்டரை மட்டும் மாற்றினால், அந்த அசுத்தம் கீழிருந்து வந்து புதிய மாஸ்டரையும் கெடுக்கும்.

## ஒரே பார்வையில்

| வழி | பொருந்தும் அறிகுறி | மறைமுகச் செலவு | எப்போது தவிர்ப்பது |
|---|---|---|---|
| ஏர் எடுத்தல் | மெத்தென்ற பெடல், பழைய ஆயில் | நிப்பிள் உடைதல், மாஸ்டர் வாஷர் கிழிதல் | பெடல் நிதானமாக இறங்கும்போது |
| கிட் | மாஸ்டருக்குள் கசிவு, சுவர் சுத்தம் | வேலை இருமுறை ஆகும் வாய்ப்பு | சுவரில் குழி, அலுமினியத்தில் கீறல் |
| புதிய மாஸ்டர் | மாஸ்டருக்குள் கசிவு, சுவரில் குழி | பைப் உடைதல், தண்டு அளவு, பழைய ஹோஸ்கள் | உள்விட்ட அளவு உறுதியாகாதபோது |
| ஸ்லீவ் | பாகம் கிடைக்காத அரிய வண்டி | நீண்ட காத்திருப்பு, கைதேர்ந்தவர் தேவை | நல்ல புதிய பாகம் கிடைக்கும்போது |
| அனைத்தும் | நீண்ட நாள் நின்ற வண்டி, தவறான ஆயில் | துருவேறிய இணைப்புகள் ஒவ்வொன்றிலும் நேரம் | ஒரே ஒரு பாகம் மட்டும் புதிதாகப் பழுதானபோது |

தினமும் ஓட்டும் பழைய கார், பெடல் இறங்குகிறது, நம்பகமான அசெம்பிளி கிடைக்கிறது என்றால் நான் கிட்டைப் பற்றி யோசிக்க மாட்டேன். புதிய மாஸ்டரோடு, பத்து வயதைத் தாண்டிய ஹோஸ்களையும் சேர்த்து மாற்றிவிடச் சொல்வேன். ஏர் எடுக்கும் வேலை எப்படியும் ஒருமுறை நடக்கப்போகிறது. அதே வேலைக்குள் ஹோஸும் அடங்கிவிடும். எப்போதாவது ஓடும், இரும்புச் சிலிண்டர் கொண்ட, அசல் தன்மையைக் காக்க வேண்டிய வண்டியென்றால் கிட்டுக்கே என் ஓட்டு. பழைய வண்டிகளைப் பிரிக்கும் இடத்திலிருந்து வாங்கிய மாஸ்டரை மட்டும் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன். ஆயில் இல்லாமல் காற்றுப்பட்டுக் கிடந்த சிலிண்டரின் உட்சுவர், நீங்கள் கழற்றியதைவிட மோசமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

எந்த வழியானாலும், பெடல் இறங்கும் வண்டியைப் பட்டறைவரை மெதுவாக ஓட்டிப்போகலாம் என்று நினைக்காமல் இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரங்களுடையது.

## எல்லாம் மாற்றியும் பெடல் மெத்தென்றே இருந்தால்

இந்த நிலையில் மறுபடியும் மாஸ்டரைக் குறைசொல்லும் முன் காலிப்பர்களைக் குனிந்து பாருங்கள். இடதும் வலதும் மாறிப் பூட்டப்பட்டிருந்தால் நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும்; மேலே தேங்கும் காற்று எத்தனை லிட்டர் ஆயில் ஓட்டினாலும் வெளியேறாது. நிப்பிள் எப்போதும் காலிப்பரின் உச்சியில் இருக்க வேண்டும். புதிய ஷூக்கள் டிரம்மின் வளைவோடு முழுவதும் பொருந்தாமல், நுனியில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும் பெடலில் அதே மெத்தென்ற உணர்வு வரும். அது சில நாள் ஓட்டத்தில் தேய்ந்து சரியாகும்.

ஏபிஎஸ் உள்ள வண்டியாக இருந்தால் காற்று அதன் வால்வுப் பெட்டிக்குள் சிக்கியிருக்கலாம். பல மாடல்களில் ஸ்கேனரை இணைத்து அந்தப் பம்பை ஓடவிட்டால்தான் அது வெளியே வரும். ஏர் எடுக்கும் வரிசையையும் அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் சரிபாருங்கள். மாஸ்டரிலிருந்து தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குவது பொதுவான வழக்கம் என்றாலும், சர்க்யூட் குறுக்காகப் பிரிக்கப்பட்ட வண்டிகள் சிலவற்றில் தயாரிப்பாளர் வேறு வரிசையைச் சொல்லியிருப்பார்.